ஒகாதானி அழித்த தடம்

வுப்பர்டால்
14.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். இவருக்கு மட்டும் வழக்கமான தடிமன். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். ஒப்பரேசன் செய்த தொண்டை ஆறிவிட்டதா?

போனில் நான் பேசிக்கொண்டே இருக்க, நீங்கள் அந்தப் பக்கம் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் ஓம், இரண்டு தட்டினால் இல்லை. இந்தப் பேச்சு எனக்குப் போதாது. போன ஞாயிறு மூன்று தட்டுத் தட்டினீர்கள். அது கோபமா சிரிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

விசயத்துக்கு வருகிறேன். உண்மையில் இதை நான் சொல்லக்கூடாது. எங்களிடம் வருகிற நோயாளிகளைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் பல் வைத்தியர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உங்களால் யாருக்கும் சொல்ல ஏலாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்குக் கார்டைப் பார்த்தேன். நத்சுமி ஒகாதானி. கார்டைத் திரும்பவும் வாசித்தேன். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று எங்கே போனாலும் "டென்னிஸ் விளையாடுற ஒகாதானியை நான் என்ரை வான் வண்டியிலை ஏத்தி இறக்கினனான்" என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்குப் புளித்துப்போன அதே பெயர், அதே ஆள். இப்போது நாற்பத்தொரு வயது. கட்டையாக வெட்டிய தலைமுடி. பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் தேய்ந்துபோய் வந்திருக்கிறார். என்ன வேலை என்று வைத்தியர் கேட்டார். டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பான் கொம்பனியில் அலுவலக வேலையாம். அதற்கு முந்தி என்ன என்று கேட்டதற்கு, "முந்தி டென்னிஸ்" என்றார். முந்தி ஒரு நாய் வளர்த்தேன் என்பதுபோலச் சொன்னார்.

உங்கள் ஆள் எங்கள் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்க, நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த முறை வருவதற்கு டெர்மின் பெப்ரவரியில். என்ன கேட்க வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

அண்ணிக்கும் என் அன்பு.
தங்கை சுகன்யாதேவி


ஸ்டுட்கார்ட்
18.01.2024

அன்பின் தங்கச்சிக்கு,

கடிதம் இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையைக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்.

அண்ணன் ஊமையானது உனக்கு வசதியாகப் போய்விட்டது. பரவாயில்லை. மூன்று தட்டு என்றால் "வாயை மூடு" என்று அர்த்தம், குறித்து வைத்துக்கொள்.

"முந்தி டென்னிஸ்" என்றாளா? அந்தப் பிள்ளை விளையாடின விளையாட்டுக்கு இவ்வளவுதானா பேச்சு? அவளுடைய தகப்பனுக்கு ஜப்பானில் மட்சுயாமா என்ற ஊரில் சைக்கிள் திருத்துகிற கடை. பதினெட்டு வயதில் ஒரு பையும் மூன்று மட்டையுமாகத் தனியாக ஐரோப்பாவுக்கு வந்தவள். இந்த நாட்டில் நீயும் நானும் பெயர் கேள்விப்படாத ஊர்களில் எல்லாம் விளையாடியிருக்கிறாள். முதற் சுற்றில் தோற்றால் அன்றைக்கே ரயில் ஏறி அடுத்த ஊர். வலப் பக்கம் வந்தாலும் இடப் பக்கம் வந்தாலும் இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்துத்தான் அடி. ஆள் சின்னன், அடி பெரிசு. தரவரிசையில் இருநூறுக்குள் வர ஆறு வருடம், நூறுக்குள் வர இன்னும் ஐந்து. 2013 வசந்தத்தில் உலகத்தில் தொண்ணூற்று நாலாவது ஆள். அந்த வருடம் முதற் பத்துக்குள் இருந்த ஒருத்தியை மூன்று மணித்தியாலம் ஓட வைத்துத் தோற்கடித்தாள். நான் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன்.

அந்தக் கோடையில்தான் இங்கே பக்கத்து ஊர்ப் போட்டிக்கு வந்தாள். வீரர்களை ஏற்றி இறக்க என் வானைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவள் விளையாடவில்லை. தோளில் காயம் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

நீ கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். மட்டையைத் தொடுகிறாளா, இல்லையா?

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.
தபோதரன்


வுப்பர்டால்
25.02.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தடிமன் போய்விட்டது, கொத்தமல்லிக்கு நன்றி. உங்கள் உடம்பு எப்படி? குரலுக்குப் பயிற்சி கொடுக்கிற அந்த லோகோபெடி அம்மாவிடம் போகிறீர்களா?

தொடவில்லை. பதினொரு வருடமாக மட்டையைக் கையால் தொடவில்லையாம். ஆனால் கேளுங்கள்.

போன வருடம் தொடக்கம் நான் இங்கே டென்னிஸ் கழகத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அணியில் விளையாடுகிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கடைசிப் பிரிவுதான். உள்ளூரில் ஆட்டம் என்றால் வந்த அணிக்கு நாங்கள் சமைத்துப் போட வேண்டும் என்பது இங்கத்தைய வழக்கம். என்னை என் மீன் ரோல்சுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அது போகட்டும். இந்த வருடம் எங்களுக்கு ஓர் ஆள் குறைவு. ஆள் இல்லையென்றால் அணியே இல்லை.

டெர்மினில் வைத்தியர் ஊசி போட்டுவிட்டு வெளியே போன நேரம், துணிந்து கேட்டேன். "எங்கடை கழகத்துக்கு ஒருக்கா வந்து பந்து அடிக்கிறீங்களா?" பாவம், மரத்துப்போன வாய். "ம்" என்றார். அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு சனிக்கிழமை நேரத்தையும் குறித்துக் கையில் கொடுத்துவிட்டேன்.

வந்தார் அண்ணா. கடன் வாங்கிய மட்டையோடு, அலுவலகச் சப்பாத்தோடு வந்தார். முதல் பந்து வலையைத் தாண்டி வந்தது எனக்குத் தெரியவில்லை, பின்னால் சுவரில் மோதின சத்தம்தான் கேட்டது. எங்கள் அணித் தலைவி மார்ட்டினா அந்த இடத்திலேயே விண்ணப்பப் பாரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார். நத்சுமி ஒரு நிபந்தனை வைத்தார்: தனி ஆட்டம் ஆடமாட்டாராம், இரட்டையர் மட்டும்தான். யாரோடு? என்னோடு.

உங்களைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. பழைய கதை கிளறினால் ஓடிவிடுவாரோ என்று பயம்.

பதில் போடுங்கள், தவிக்க விடாதீர்கள்.
சுகன்யா


ஸ்டுட்கார்ட்
29.02.2024

அன்பின் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம், நீ சுகமா என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. ஒகாதானியோடு இரட்டையர் ஆடப்போகிறவளுக்கு என்ன குறை.

உன் கடிதத்தை அண்ணிக்கு இரண்டு முறை வாசிக்கக் கொடுத்தேன். நீ மட்டை பிடிப்பதை நினைத்து அவள் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. கவனமாகக் கேள். எதிர்ப் பக்கத்தில் இருக்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. எல்லாப் பந்தும் உனக்குத்தான் வரும். ஒகாதானிக்கு ஒன்றும் அனுப்பமாட்டார்கள். நீ வெல்லத் தேவையில்லை, திருப்பி அனுப்பினால் போதும். உயரத் தூக்கி அனுப்பு. மிச்சத்தை வலைக்குப் பக்கத்தில் நிற்கிற அவள் பார்த்துக்கொள்வாள். வெட்கப்படாமல் தூக்கு.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டாம். அது நல்லது.

ரோல்சுக்கு மிளகு கூடப் போடு, ஜெர்மன்காரர் தாங்குவார்கள்.

அன்புடன்
தபோதரன்


வுப்பர்டால்
05.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கிறதைத் தவிர மற்றப்படி சுகம். நீங்கள் போன கடிதத்திலும் உங்கள் சுகத்தை எழுதவில்லை. லோகோபெடியைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கவனித்தேன்.

நேற்று முதல் ஆட்டம், வென்றோம். நீங்கள் சொன்னதுபோல எல்லாப் பந்தும் எனக்கு. தூக்கினேன், தூக்கினேன், வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டே இருந்தேன். அவர்கள் களைத்துப்போய் ஒரு பந்தைக் கொஞ்சம் தாழ அடிப்பார்கள். எங்கிருந்தோ நத்சுமி வந்து டப் என்று ஒன்று போடுவார். அவ்வளவுதான். எதிராளிகளே கை தட்டினார்கள். திரும்பி வரும்போது காருக்குள் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் ஒரு பிழை விட்டுவிட்டேன். அவர்கள் அடித்த பந்து ஒன்று என் காலடியில், கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. செம்மண்ணில் தடம் தெளிவாக இருந்தது. வெளியே என்று கையைக் காட்டினேன். காட்டிவிட்டு, அந்த இடத்தைக் காலால் வடிவாகத் தடவிச் சமப்படுத்திவிட்டேன். முற்றம் கூட்டிப் பழகின சாதி அண்ணா நாங்கள், மண் கலைந்து கிடந்தால் கால் சும்மா இருக்காது. உடனே எதிராளி நன்றி சொல்லிப் புள்ளியை எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் விழித்தேன்.

ஒரு புள்ளிதானே. ஆனால் நத்சுமியின் முகம் மாறிப்போனது. அதன் பிறகு எங்களோடு நின்று சாப்பிடவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
சுகன்யா


ஸ்டுட்கார்ட்
12.05.2024

அன்பின் தங்கச்சிக்கு,

உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு. நாங்கள் இருக்கிறோம்.

செம்மண் தரையில் உன் பக்கத்தில் விழுந்த தடத்தை நீயே அழித்தால், பந்து உள்ளேதான் விழுந்தது, புள்ளி எதிராளிக்குத்தான் என்று விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். இதுகூடத் தெரியாமல் ஒரு வருடம் விளையாடியிருக்கிறாய். முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைப் பிடிக்கவேண்டிய கையில் மட்டையைக் கொடுத்திருக்கிறார்கள்.

நத்சுமியின் முகம் ஏன் மாறியது என்று சொல்கிறேன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. வானில் ஏற்றினதை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2013, காலிறுதி ஆட்டம். வென்றால் அடுத்த பெரிய போட்டிக்கு நேரே போகலாம். சட்டையில் பெயர் போட்டுச் செலவு பார்க்கிற கொம்பனியின் ஆள் முன் வரிசையில் இருந்தார். கடைசிச் செட்டில் ஒகாதானிக்கு வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி. எதிராளி அடித்த பந்து பின் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. நடுவர் வெளியே என்றார். ஆட்டம் முடிந்தது, சனம் எழும்பிவிட்டது. இவள் கை கொடுக்கப் போகவில்லை. பின்னுக்கு நடந்து போய்த் தடத்தைக் குனிந்து பார்த்தாள். பந்து கோட்டைத் தொட்டிருந்தது. சப்பாத்தால் அழித்தாள்.

நடுவரே வாயைப் பிளந்தார். புள்ளி எதிராளிக்குப் போனது. அது போகட்டும், ஆட்டம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் விளையாடவில்லை சுகன்யா. பந்து பக்கத்தால் போகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கத்தினேன். "பிள்ளை, விடாதை! விடாதை பிள்ளை!" அந்த மைதானத்தில் கத்தின ஒரே ஆள் நான். சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது, அவள் பார்க்கவில்லை. முடிவதற்குள்ளேயே முன் வரிசை ஆள் எழும்பிப் போய்விட்டார்.

வானில் கேட்டேன், ஏன் அழித்தீர்கள் என்று. "நான் பார்த்துவிட்டேன்" என்றாள்.

இனி உனக்குத் தெரியும். அவளிடம் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

தபோதரன்


வுப்பர்டால்
20.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எண்ணெய் பூசினேன், வீக்கம் வற்றிவிட்டது. நீங்கள் நல்லாக இருக்க வேண்டும் என்று அம்மன் கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டேன்.

நீங்கள் செய்யாதே என்றதைச் செய்துவிட்டேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை. பயிற்சி முடிந்து காருக்குள் இருக்கும்போது, அன்றைக்கு அவரை ஏற்றின வானை ஓட்டியது என் அண்ணன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கத்தினவரா?" என்று கேட்டார்.

பெயரில்லை, வானில்லை, முதலில் கேட்டது அதுதான். இந்த நாட்டில் தனக்காக யாரும் கத்தியதே இல்லையாம், அந்த ஒரு நாளைத் தவிர. என்ன சொல்லிக் கத்தினார் என்று கேட்டார். சொன்னேன். விட்டுவிடாதே, பிடித்துக்கொள், முடியவில்லை இன்னும், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்று விளக்கினேன். பிறகு சொன்னார், தடத்தை அழித்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை, அதற்குப் பிறகு கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதற்காகத்தான் பதினொரு வருடமாகப் பல்லைக் கடிக்கிறேன் என்று.

ஜூலை ஆறாம் தேதி சனிக்கிழமை எங்கள் கடைசி ஆட்டம், இங்கே. வென்றால் மேல் பிரிவுக்குப் போவோம். "உங்கடை அண்ணை வந்து கத்துவாரோ?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை கேட்பதுபோல. வருவார் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் தொண்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. வாருங்கள் அண்ணா.

சுகன்யா


வுப்பர்டால்
09.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைத்தான் அறிய முடியவில்லை. மூன்று கிழமையாகப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தேன், கரண்டிச் சத்தமும் இல்லை.

இரண்டாவது ஆட்டமும் வென்றோம். என் தூக்கலுக்கு இப்போது ஊரில் பெயர் வந்துவிட்டது. கோபமென்றால் மூன்று தட்டாவது தட்டுங்கள்.

சுகன்யா


ஸ்டுட்கார்ட்
15.06.2024

அன்புள்ள மச்சாளுக்கு அண்ணி புஸ்பவதி எழுதுவது,

கடவுள் புண்ணியத்தில் இருக்கிறோம். நான் எழுதுகிறது இவருக்குத் தெரியாது.

உம்முடைய கடிதம் டிவிக்கு மேலே இருக்கிறது. நாளுக்கு ஒரு முறை எடுத்து வாசித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். மச்சாள், இவரால் பேச ஏலாது என்று நீர் நினைத்துக்கொண்டிருக்கிறீர். ஏலும். தொண்டைக்குள் சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். கழுத்து ஓட்டையில் விரலை வைத்து அமத்தினால் குரல் வரும். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் பேசினார், என் பெயரைச் சொன்னார். கரகரவென்று வந்தது. அதைக் கேட்டுத் தானே பயந்துவிட்டார். அன்றைக்கு மூடின வாய்தான். லோகோபெடியின் டெர்மின் எல்லாம் குப்பைக்குள் போகிறது.

நேற்று, ஆட்டம் பார்க்கப் போவோமா என்று கேட்டேன். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "அந்தப் பிள்ளைக்கு என்ரை பழைய குரல்தான் தெரியும். அது அப்பிடியே இருக்கட்டும்."

எனக்கு அந்தக் கரகரப்புப் போதும் மச்சாள். அதைத்தான் இவருக்கு விளங்கப்படுத்த ஏலாமல் இருக்கிறது.

அன்பு மச்சாள்
புஸ்பவதி


ஸ்டுட்கார்ட்
25.06.2024

சுகன்யா,

சுகம். கத்துவதற்கு அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள். நன்றாக விளையாடு.

தபோதரன்


வுப்பர்டால்
08.07.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ரயில் இந்த முறையாவது நேரத்துக்கு வந்ததா? எனக்கு இன்னும் நித்திரை வரவில்லை, சந்தோசத்தில்.

நீங்கள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்தான். ஆனாலும் வேலிக்குப் பின்னால் இருந்து தெரியாத சில விசயங்கள் உண்டு, அவற்றை எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

கடைசி இரட்டையர் ஆட்டத்துக்கு முதல், வேலிக்குப் பக்கத்தில் ஒருவர் ஜூலை வெயிலில் கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு வந்து இருந்தார். நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை. நத்சுமி பார்த்தார், தலையைக் குனிந்து வணங்கினார். நீங்களும் குனிந்தீர்கள். அப்போது ஓடிப்போய் அவர் காதில் சொன்னேன், அண்ணாவுக்குத் தொண்டையில் ஒப்பரேசன், கத்தமாட்டார் என்று. "வந்திருக்கிறார்தானே" என்றார். சொல்லிவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு செட் அவர்களுக்கு, ஒரு செட் எங்களுக்கு. பிறகு பத்துப் புள்ளிக்கு ஓடுகிற முடிவாட்டம். ஒன்பதுக்கு ஏழு. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் மேல் பிரிவு. எதிராளி அடித்த பந்து பின் கோட்டுக்குப் பக்கத்தில், எனக்குப் பின்னால் போய் விழுந்தது, வெளியே என்று நினைத்து விட்டுவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மார்ட்டினா துள்ளிக் குதிக்கிறார், எதிராளிகள் கை கொடுக்க வலைக்கு வருகிறார்கள், நத்சுமி வலையடியில் நின்று என்னைப் பார்க்கிறார். நான் திரும்பித் தடத்தைப் பார்த்தேன்.

பார்க்காமல் இருந்திருக்கலாம் அண்ணா. பந்து கோட்டைத் தொட்டிருந்தது. பெரிசாக இல்லை, ஒரு நகத்தளவு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவ்வளவு பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஒரு கை மட்டும் தூக்கியிருந்தால் போதும். ஆனால் இந்த முறை கால் பழக்கத்தில் போகவில்லை. தெரிந்துகொண்டுதான் அழித்தேன்.

ஒன்பதுக்கு எட்டு. மார்ட்டினாவின் முகத்தைப் பார்க்கப் பயம். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று கை தொங்கிப்போனது. அடுத்த பந்து வருகிறது, எனக்கு மட்டையைத் தூக்க மனமில்லை.

அந்த நேரம்தான் வேலிப் பக்கத்தில் இருந்து வந்தது. பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துத் தொடக்கினதுபோல ஒரு சத்தம். முதலில் யார் என்றே தெரியவில்லை. சால்வை கழன்று கிடந்தது, விரல் கழுத்தில் இருந்தது.

"விடாதை!"

எனக்குச் சொன்னீர்களா, நத்சுமிக்குச் சொன்னீர்களா என்று இனியும் கேட்கமாட்டேன். மட்டை தானாக எழும்பியது. தூக்கினேன். அவர்கள் அடித்தார்கள், திரும்பவும் தூக்கினேன். மூன்றாவது பந்து என் பக்கத்துக்குத்தான் வந்தது, ஆனால் நத்சுமி "என்னுடையது" என்று ஜெர்மனில் கத்திக்கொண்டு எனக்கு முன்னால் பாய்ந்தார். இரண்டு கையாலும் பிடித்து ஒரு அடி. அதை ஒருவரும் தொடவில்லை. பத்துக்கு எட்டு.

எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க அவர் வேலிக்கு ஓடி வந்ததை நான் பார்த்தேன். உங்களிடம் என்ன சொன்னார் என்று பிறகு அவரிடமே கேட்டேன். "அதே குரல்" என்று சொன்னாராம். இல்லை, மாறிவிட்டதே என்றேன். என்னைக் கொஞ்சம் கோபத்தோடு பார்த்து, "இல்லை, அதே குரல்தான்" என்றார்.

அடுத்த வருடம் தனி ஆட்டமும் ஆடுவாராம். மார்ட்டினாவிடம் தானே போய்ச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஒகாதானி திரும்ப விளையாடுகிறார் அண்ணா. வியாழக்கிழமை டெர்மினுக்கு வந்தால் பல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்பு முழுவதும் உங்களுக்கு,
சுகன்யா


ஸ்டுட்கார்ட்
11.07.2024

அன்பின் தங்கச்சிக்கு,

வீட்டுக்குச் சுகமாக வந்து சேர்ந்தோம். ரயில் பிந்தித்தான் வந்தது. மேடையில் அண்ணியோடு கதைத்துக்கொண்டு நின்றதில் நேரம் தெரியவில்லை.

வெற்றி தோல்வி முக்கியமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வென்றது நல்லது. ஆனால் நீ சேர்விஸ் போடும்போது இரண்டு தரம் காலால் கோட்டை மிதித்தாய். நடுவர் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ரோல்சுக்கு மிளகும் போதாது. ஒகாதானி வலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது நீ ஏன் வலப் பக்கம் ஓடுகிறாய் என்றும் எனக்கு விளங்கவில்லை. இவையெல்லாம் எழுதி முடிகிற விசயமில்லை, எனக்குக் கை நோகிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானே போன் எடுப்பேன். கரண்டி தேவையில்லை.

அண்ணன்
தபோதரன்